மும்தாஜின் பல்வலி நோட்டு

ஷட்டரில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கையும் காலும் வரைந்து, கையில் ஒரு பிரஷ்ஷையும் கொடுத்திருந்தார்கள். அதன் காலடியில் பூட்டு. பூட்டுக்கு மேலே ஒட்டியிருந்த வெள்ளைத்தாளில், மறு அறிவிப்பு வரும்வரை கிளினிக் இயங்காது என்று எழுதியிருந்தது.

நான் அந்தப் பல்லின் முன்னால் என் வலது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றேன். காலை பத்து மணி வெயில். ஜங்ஷன் ரோட்டில் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ரயில் சத்தமே கேட்காத விருத்தாசலத்தில் நான் அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, என் கடைவாய்ப்பல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டு இரண்டாவது வாரமோ, மூன்றாவது வாரமோ. மற்ற இரண்டு பல் டாக்டர்களுக்கும் போன் செய்து பார்த்துவிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. இன்னொருவர் எடுத்து, வாயைத் திறந்து பார்க்கிற வேலை அம்மா, இப்போது அனுமதி இல்லை என்று வருத்தமாகச் சொல்லி, ஒரு மாத்திரைப் பெயரைச் சொன்னார். அந்த மாத்திரை நாலு மணி நேரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"வசந்தாக்கா, நீங்க எம்மாம் நேரம் நின்னாலும் அந்தப் பல்லு தொறக்காது. வூட்டுக்கு வாங்க."

திரும்பினேன். கையில் காய்கறிப் பையோடு மும்தாஜ் நின்றாள்.

இந்தத் தொடரில் மூன்று வாரங்களுக்கு முன்பு சூளை வெடித்த கதையைச் சொன்னேன் அல்லவா, அந்த செராமிக் யூனிட்டில்தான் மும்தாஜும் வேலை பார்த்தாள். நான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். அவள் எனக்கு முந்தைய மேஜை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஒட்டுக்கோடு இருக்கும். அதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் செய்வாள். மங்கலம்பேட்டைப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கணவர் சாதிக் குவைத்தில். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு.

அவளிடம் ஒரு நோட்டு இருப்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று கேள்விகள்

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, வெளிச்சம் வாய்க்குள் விழுகிற மாதிரி உட்காரவைத்தாள். உடனே மருந்து எதையும் எடுக்கவில்லை. கேள்வி கேட்டாள்.

"பச்சத்தண்ணி பட்டா வலிக்குதா, கடிச்சா வலிக்குதா?"

"ரெண்டுக்கும்."

"காய்ச்ச கீய்ச்ச இருக்குதா?"

"இல்ல."

"கன்னம், ஈறு எங்கயாச்சும் வீங்கியிருக்குதா? நல்லாத் தடவிப் பாத்துட்டுச் சொல்லுங்க. சும்மா சொல்லக்கூடாது."

தடவிப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

"அப்போ சரி. இப்போதைக்கு நம்ம சமாளிக்கலாம். ஆனா ஒண்ணுக்கா, இது பல்ல சரிபண்ணாது. டாக்டரு கெடைக்கற வரைக்கும் வலியப் புடிச்சு வைக்கும், அவ்ளோதான்."

முதலில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். பல்லின் குழிக்குள் ஒளிந்திருந்த சோற்றுப் பருக்கை ஒன்று வெளியே வந்ததும் பாதி வலி போன மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு கிராம்பை லேசாக நசுக்கி, பஞ்சில் வைத்துச் சுருட்டி, குழியின் மேல் மட்டும் வைத்துக் கடிக்கச் சொன்னாள். ஈறில் படக்கூடாதாம், பட்டால் வெந்துபோகுமாம். காரம் கண்ணில் நீரை வரவழைத்தது. ஐந்து நிமிடத்தில் அந்த இடம் மெல்ல மரத்துப்போனது. இரண்டு நாளாகத் தூக்கிப் பிடித்திருந்த என் தோள்கள் தாமாகவே கீழே இறங்கின.

மாலையில் கொய்யா இலைக் கஷாயம் வந்தது. கொல்லையில் நிற்கும் மரத்துக் கொழுந்தைக் கொதிக்கவைத்து ஆற்றியது. துவர்ப்பென்றால் அப்படியொரு துவர்ப்பு, கன்னத்தின் உள்பக்கம் இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டன. மறுநாள் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு ஒன்று, அக்கரகாரம். சுண்டுவிரல் நகம் அளவு வேர்த்துண்டு. மெல்ல ஆரம்பித்ததும் நாக்கு முழுவதும் குறுகுறுத்து, வாயில் தண்ணீராகக் கொட்டியது. நாக்கு என்னுடையதே இல்லை போல் ஆயிற்று.

"என்னா, பேசவே முடியலியா? அப்போ நல்லா வேலை செய்யுது," என்று சிரித்தாள்.

அன்று நான் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

கடல் தாண்டிய வைத்தியம்

இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலக்கா. எங்க மச்சானோட பல்லுதான் சொல்லிக் குடுத்துச்சு."

மச்சான் என்று அவள் சொல்வது கணவரைத்தான். சாதிக்குக்கு வேலை ஊருக்கு வெகுதூரத்தில், பாலைவனத்தில் குழாய் பதிக்கிற கேம்ப்பில். பல் வலித்தால் டாக்டரைப் பார்ப்பது லேசான காரியமில்லை. வண்டி வரவேண்டும், மேஸ்திரி விடவேண்டும், வரிசை கிடைக்கவேண்டும். ஒரு தடவை வலி தாங்காமல் போனில் அழுதிருக்கிறார். அந்த மனிதர் அழுது அவள் கேட்டது அதுதான் முதல்முறையாம்.

மறுநாளே கிளம்பிவிட்டாள். நாட்டு மருந்துக்கடைக்காரர், ஆஸ்பத்திரியில் சித்தா பிரிவு டாக்டர், மங்கலம்பேட்டை பள்ளிவாசல் தெருவில் மசாலா அரைக்கிற பாய், யாரையும் விடவில்லை. கேட்டதையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதினாள். யார் சொன்னதையும் அப்படியே நம்பவும் இல்லை. அவளுக்கே ஒரு சொத்தைப் பல் இருந்தது. ஒவ்வொன்றையும் முதலில் அதில் வைத்துப் பார்த்தாள். பிடித்ததைத்தான் கடல் தாண்டிப் போனில் சொன்னாள். ஊரிலிருந்து குவைத்துக்குப் போகிற ஒவ்வொருவரின் பையிலும் ஒரு பொட்டலம் கிராம்பும் அக்கரகாரமும் போயிற்று.

அந்த நோட்டைக் காட்டினாள். குண்டு குண்டான எழுத்து. ஒரு பக்கத்தில், 'பூண்டு: அரைச்சு வச்சேன். ஈறு வெந்து தோல் உரிஞ்சுது. வேணாம்.' இன்னொன்றில், 'எருக்கம்பால்: ஒரு சொட்டு. நாக்கு புண்ணாச்சு. யாருக்கும் சொல்லக் கூடாது.' எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பலித்ததைச் சொல்லிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பலிக்காததை இவ்வளவு கவனமாக எழுதிவைத்திருந்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

புழு வந்த கதை

இங்கே என் சின்ன வயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்லவேண்டும். சந்தை நாளில் ஒருத்தி வருவாள். பல்லில் புழு எடுப்பது அவள் தொழில். காய்ந்த கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் ஏற்றுவாள். அப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டுவாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக, நூல் போலப் புழுக்கள் மிதக்கும். என் அப்பாவின் பல்லிலிருந்து அப்படிப் பதினோரு புழு வந்ததை நானே எண்ணியிருக்கிறேன்.

மும்தாஜிடம் இதைச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். அவளிடம் அந்த விதையும் இருந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, பக்கத்தில் நெருப்புத் துண்டில் விதையைப் போட்டு, இரண்டையும் ஒரு சட்டியால் மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நூல் போல மிதந்தன.

"இப்போ யாரு பல்லுல இருந்துக்கா வந்துச்சு?"

நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெதைக்குள்ள இருக்கற மொளக்கருதான் இது. சூடு பட்டதும் வெடிச்சு வெளிய தெறிக்குது. நானும் மொதல்ல புழுன்னுதான் நெனச்சேன். அப்புறம் வாயே இல்லாம செஞ்சு பாத்தேன்."

வாயே இல்லாமல் செய்து பார்ப்பது. ஐம்பது வயதுவரை எனக்கு அது தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவளுக்குத் தோன்றியிருக்கிறது.

முகக்கவசத்துக்குப் பின்னால்

பத்து நாள் போனது. ஒரு காலையில் எழுந்தபோது வலியே இல்லை. தட்டிப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பல் குணமாகிவிட்டது என்று ஓசூரிலிருக்கும் மகனுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன். உள்ளே நரம்பு செத்துப்போனால் வலி நின்றுவிடும் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்துக் கன்னம் லேசாக உப்பியது. வலி இல்லாத வீக்கம்தானே என்று விட்டேன். நேர்மையாகச் சொல்வதென்றால், தெரியாமல் விடவில்லை. மும்தாஜ் கேட்ட மூன்று கேள்வியும் எனக்கு ஞாபகம் இருந்தது. வீக்கம் என்று சொன்னால் ஆஸ்பத்திரி என்பாள். ஆஸ்பத்திரி என்றால் கொரோனா. அந்த நாட்களில் டிவியில் காட்டியதெல்லாம் பார்த்து, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தாலே திரும்பி வரமாட்டேன் என்று நம்பினேன். வெளியே போனால் எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். நானும் போட்டுக்கொண்டேன். வீட்டு வாசலில் நிற்கும்போதும் கழற்றவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மும்தாஜ் ஒரு தூக்குவாளியில் நோன்புக் கஞ்சியைத் தானே கொண்டுவந்தாள். ரம்ஜான் மாதம் தொடங்கியிருந்தது. சாயங்காலத்துக்காகக் காய்ச்சியதில் எனக்குச் சீக்கிரமே ஒரு பங்கு.

"கொதிக்கக் கொதிக்க இருக்குது, ஆற வச்சுக் குடிங்க."

"சரி, வெச்சுட்டுப் போ," என்றேன். சொல் குழறியது.

அவள் போகவில்லை.

"அக்கா, மாஸ்க்க எறக்குங்க."

"ஒண்ணும் இல்ல மும்தாஜ்."

"எறக்குங்கக்கா."

இறக்கினேன். அவள் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மூன்று விரலை நிமிர்த்திச் சேர்த்து என் வாய்க்குள் வைக்கச் சொன்னாள். ஒரு விரல்தான் போனது. எச்சில் விழுங்கச் சொன்னாள். தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே தொட்டாள், கல் மாதிரி இறுகியிருந்தது.

"கெளம்புங்க. இப்பவே."

"நாளைக்குப் பாக்கலாமே. இன்னும் ஒரே ஒரு தடவ அந்தக் கிராம்ப வெச்சுப் பாத்து..."

"வேணாம்!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. அப்படியே என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கலியமூர்த்தி

"எங்க மச்சான் ரூம்ல கலியமூர்த்தின்னு ஒருத்தர் இருந்தாருக்கா. திட்டக்குடி பக்கம். அவருக்கும் பல்லு வலி. மச்சான் அவருகிட்ட போனக் குடுத்தாங்க. தங்கச்சி, தங்கச்சின்னு பேசுனாரு. நான் கிராம்பு சொன்னேன், உப்புத் தண்ணி சொன்னேன். வலி நின்னுருச்சுன்னு சந்தோசமா சொன்னாரு. ஒரு வாரம் கழிச்சு, கன்னம் வீங்குது தங்கச்சின்னாரு. எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது. இன்னும் ரெண்டு நாளு வெய்யுங்கண்ணேன்னு சொல்லிட்டேன்."

கஞ்சித் தூக்குவாளியை ஓரமாக நகர்த்திவைத்தாள்.

"சீழு கழுத்துக்கு எறங்கிருச்சாம். மூச்சு விடமுடியாம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்கியே போயிட்டாரு."

வீட்டிலிருந்து நோட்டை எடுத்துவந்து, அதன் கடைசிப் பக்கத்தை அன்றுதான் எனக்குக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் மருந்தே இல்லை. 'வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியலை, விழுங்க முடியலை. இதுல ஒண்ணு இருந்தாலும் கிராம்பு வேணாம், எதுவும் வேணாம். டாக்டர்.' அடியில் இரண்டு கோடு. பேனா அழுத்தியதில் தாள் கிழிந்திருந்தது.

நான் எழுந்து செருப்பைப் போட்டேன்.

வெளியே வண்டி எதுவும் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். நடந்தோம். வெயிலில் தார் ரோடு பளபளத்தது. எனக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருந்தது, நோன்பிருந்த அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. பாலக்கரைப் பக்கம் போலீஸ் மறித்தார்கள்.

"எங்கம்மா ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரிக்கு சார். அக்காவுக்குப் பல்லு வலி."

"பல்லு வலிக்கெல்லாம் வெளிய வரக்கூடாது. மாத்திரய போட்டுக்கிட்டுப் படுக்கச் சொல்லு."

மும்தாஜ் என் முகக்கவசத்தை இறக்கிக் காட்டினாள். "இது பல்லு வலி இல்ல சார். இன்னும் கொஞ்ச நேரம் போனா இவுங்களால மூச்சு விட முடியாது. எனக்குத் தெரியும் சார். ஒருத்தர நான் இப்படி வுட்டுருக்கேன்."

அந்தக் காவலர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் வந்த பால் வேனை நிறுத்தி, எங்களை ஏற்றிவிட்டார்.

டாக்டர் திருத்தியது

ஆஸ்பத்திரியின் பல் டாக்டர் அம்மா கொரோனா காய்ச்சல் வார்டு வேலையில் இருந்தார். தகவல் போனதும் வந்துவிட்டார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை. கண்ணாடிக்குள் கண்கள் மட்டும் தெரிந்தன. பார்த்த உடனே ஊசி போட்டு, ஈறைக் கீறிச் சீழை எடுத்தார். அந்த நாற்றத்தை எழுதாமல் விடுகிறேன். கழுத்துக்கு இறங்க ஆரம்பித்திருந்தது, நாளைக்கு வந்திருந்தால் இங்கே வைத்துப் பார்த்திருக்க முடியாது என்றார்.

"என்னென்ன வெச்சீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. தினமும் கேட்டுக் கேட்டுச் சலித்த கோபம்.

நான் பேச முடியாமல் மும்தாஜைக் காட்டினேன். அவள் நோட்டை நீட்டினாள். தன் பங்குக்கு ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வாள் என்று டாக்டர் எதிர்பார்த்திருக்கலாம். கையுறை போட்ட விரலால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பூண்டு வேண்டாம் என்ற பக்கத்தில் நின்றார். கடைசிப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"கிராம்புல தப்பு இல்லம்மா. கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். நாங்க வைக்கிற மருந்து ஒண்ணுலயும் அந்தச் சத்துதான் இருக்கு," என்றார். அப்புறம், "ஆனா இது தப்பு. வலிக்கற கன்னத்துமேல வெளியிலேருந்து சூடா ஒத்தடம் குடுன்னு எழுதியிருக்கீங்க. குடுக்கக் கூடாது. உள்ள சீழ் இருந்தா பரவிடும்."

மும்தாஜ் உடனே பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

"வேற எது எது தப்புன்னு சொல்லுங்க டாக்டர். எல்லாத்தையும் அடிச்சிடறேன்."

அந்த வெள்ளை உடைக்குள் டாக்டர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. வார்டில் அத்தனை பேர் காத்திருந்தும், இன்னும் ஐந்து நிமிடம் நின்று மூன்று இடங்களில் திருத்தம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் அங்கே நாலு நாள் படுத்திருந்தேன். மும்தாஜ் நோன்பை வைத்துக்கொண்டு தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள்.

திட்டக்குடி பஸ்

பஸ்கள் மறுபடி ஓட ஆரம்பித்து, என் பல்லைப் பிடுங்கி, யூனிட்டும் திறந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்தாஜ் என்னிடம் வந்தாள்.

"அக்கா, திட்டக்குடி வரைக்கும் என்கூட வர்றீங்களா?"

எதற்கென்று நான் கேட்கவில்லை. கலியமூர்த்தியின் மனைவி அஞ்சலைக்கு, போனில் கிராம்பு சொன்னது யாரென்று தெரியாது. இத்தனை வருடமாக மும்தாஜ் சொல்லவில்லை. உங்களக் காப்பாத்துன அன்னிக்கு எல்லாரும் என்னப் பாராட்டுனாங்க, எனக்குத் தூக்கமே வரலக்கா என்று பஸ்ஸில் சொன்னாள். அதற்குப் பிறகு வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நெல் அறுத்த வயல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அஞ்சலை வீட்டில் இருந்தாள். ஓட்டு வீடு, வாசலில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, காயப்போட்டிருந்தது. யாரென்று தெரியாமலே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். மும்தாஜ் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். இன்னும் ரெண்டு நாள் வையுங்கள் என்று சொன்னதையும் சொன்னாள். அதைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். குறைக்கவில்லை.

 அஞ்சலை மல்லாட்டையைக் கையால் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டே இருந்தாள். எழுந்து போகச் சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"அவரு சொன்னாரு," என்றாள் கடைசியில். "விருத்தாசலத்துல ஒரு தங்கச்சி மருந்து சொல்லுது, அதுனாலதான் ரெண்டு நாளா தூங்கறேன்னு சொன்னாரு. நீதானா அது?"

மும்தாஜ் தலையாட்டினாள். அவள் கண்ணிலிருந்து வழிந்ததை முந்தானையால் துடைக்கக்கூட இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நானுந்தான் சொல்லல. வலி இல்லங்கறாரேன்னு வுட்டுட்டேன்," என்றாள் அஞ்சலை.

அப்புறம் எழுந்து வந்து, மும்தாஜின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இடது கன்னத்தில் கையை வைத்தாள்.

"எனக்கும் ஒரு வாரமா வலிக்குது. என்னான்னு பாரு."

வாயைத் திறந்தாள்.

மும்தாஜ் அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பையில் கிராம்பு இருந்தது எனக்குத் தெரியும்.

"பொடவய மாத்திக்கிட்டு வாங்கண்ணி," என்றாள். "இப்பதான் டாக்டரெல்லாம் பாக்கறாங்களே. நானும் கூட வரேன்."